இடது வெளிக்களத்தில் நின்றவன்

சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்பதும், அப்படி நிற்கையில் ஒரு கணமேனும் அயராதிருப்பதும் சேர்ந்ததே பேஸ்போலில் வெளிக்களத்து ஆட்டக்காரனின் தொழில். தொழிற்சாலை வாசலில் காவல் நிற்பவர்களே, ஆள்வராத கடையில் கல்லாவுக்குப் பின்னால் புன்னகையோடு நிற்பவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் ஒரே சாதியார்.

நான் ஆடியது தொலைக்காட்சியில் வரும் பெரிய அணியில் அன்று; ரொறன்ரோவில் அதற்கு வெகு கீழேயுள்ள ஒரு சிறிய அணியில். ஆயினும் அதுவே என் சோறு. கடைசிப் பருவத்தில் இடது வெளிக்களத்துக்கு நானும் மைக்கேல் என்றொருவரும் இருந்தோம். அடுத்த ஆண்டுக்கு எங்களில் ஒருவரைத்தான் வைத்திருப்பேன் என்று பயிற்சியாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

நசீர் நானாவின் விண்ணப்பம்

மில்லிக்கனில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் நசீர் நானா, கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஒருநாள் என் ஆட்டம் பார்க்க வந்தார். அன்று எங்கள் பந்துவீச்சாளர் தெய்வம் ஏறியவர்போல் வீசினார். என் பக்கம் ஒரு பந்துகூட வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் நான் முழங்கால் மடித்து, காற்றைக் கணித்து, வராத பந்துக்காக ஆயத்தமானேன். கடமை என்பது கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே பெரிதும் நடக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆட்டம் முடிந்ததும் இதனை நானாவுக்கு விரிவாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரி தம்பி. உங்கட பக்கத்துல இன்னொரு ஆள் நிக்க இடமிருந்தா சொல்லுங்க, நான் கடைய மூடிட்டு வாறன்."

மரியாதையின் விலை

உயர எழும்பிய பந்து இருவருக்கு நடுவே வருமானால், எடுக்கப்போகிறவன் "எனக்கு!" என்று கத்த வேண்டும், மற்றவன் விலக வேண்டும். வெளிக்களத்தின் முதற்பாடம் இது. எனக்கு இடப்பக்கத்தில், நடு வெளிக்களத்தில் நின்ற டேவிட் என்னைவிட மிகவும் மூத்தவர். வீட்டில் வயதில் மூத்தவர் கை நீட்டிய வடையை நான் ஒருநாளும் முந்தி எடுத்ததில்லை. அப்படி வளர்ந்தவன் அவரைப் பார்த்து எப்படிக் கத்துவது? பந்தின் கீழே சரியாக வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்தேன். நான் நிற்பதைக் கண்டு அவரும் நின்றார். இருவரது பணிவுக்கும் நடுவே பந்து புல்லில் விழுந்து உருண்டது. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். மைக்கேல் இருக்கையிலிருந்து எழுந்து, யாரும் கேளாமலே தோள்களைத் தளர்த்தத் தொடங்கினார்.

மரியாதை பெரிய குணம், அன்பர்களே. அதற்கு இடமுண்டு, உயரத்திலிருந்து இறங்கும் பந்தின் அடி அந்த இடமன்று. டேவிட் பந்தை எறிந்துவிட்டு வந்து என் தோளில் கை வைத்தார்:

"உன்னை நன்றாக வளர்த்திருக்கிறார்கள். அடுத்த முறை என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் பிடி."

என் வாழ்வின் மிகச்சிறந்த பிடி

பருவத்தின் கடைசி ஆட்டம். மைக்கேலுக்கும் எனக்குமான தீர்ப்பு அன்றுதான். மோர்னிங்சைட்டிலிருந்து சித்தப்பா, சித்தி, மாமி எல்லோரும் இரண்டு காரில் வந்து, என் பின்னாலிருந்த இருக்கைகளை நிரப்பியிருந்தார்கள். கடைசிச் சுற்றில் இரு அணிகளும் சமம். எதிரணி அடிக்கிறது, அவர்களுடைய ஓட்டக்காரர் ஒருவர் மூன்றாம் தளத்தில் நிற்கிறார். இன்னும் ஒரு தளம் கடந்தால் அவர்களுக்கு ஓர் ஓட்டம்.

பந்து பக்கவாட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே வளைந்து போயிற்று. அதனை விழவிட்டால் ஒன்றும் நடவாது; அடித்தவர் மறுபடி அடிப்பார், ஓட்டக்காரர் நின்ற இடத்திலேயே நிற்பார். பிடித்தால் அடித்தவர் வெளியேறுவார். ஆனால் பிடித்த அக்கணமே ஓட்டக்காரர் ஓடலாம். இந்த விதி எனக்கு நன்றாகத் தெரியும். என் கால்களுக்குத் தெரியாது. பந்து பிடிபட்டால் கதை முடிந்தது என்னும் கிரிக்கெட்டில் பழகிய கால்கள் அவை. பாய்ந்தேன், கிடையாக மிதந்தேன், விரல் நுனியில் பிடித்தேன், புழுதியில் உருண்டேன். "பிடிச்சிட்டானடா!" என்று சித்தப்பா அலறியது மைதானம் முழுவதும் கேட்டது. சித்தி கைதட்டிய தட்டில் வளையல் உடைந்தது. நான் எழுந்து திரும்புவதற்குள் ஓட்டக்காரர் நடந்தே 'வீடு' என்னும் கடைசித் தளத்தைச் சேர்ந்திருந்தார். எங்கள் முறையில் ஒன்றும் அடிபடவில்லை. தோற்றோம்.

ஓடோடிச் சென்று பஸ்ஸைப் பிடித்து, மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு, அது எதிர்த்திசையில் போவதைக் காணும் மனிதனை நினைத்துப் பாருங்கள். அவனுடைய ஓட்டத்தில் என்ன குறை? கைக்கு எட்டுவதை விட்டுவிடப் பழகுங்கள், நண்பர்களே. எட்டாததை விடுவது எவராலும் முடியும். பயிற்சியாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்:

"இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகச்சிறந்த பிடி அது. கொஞ்சம் மோசமாக ஆடியிருந்தால் உன்னை வைத்திருப்பேன்."

பாராட்டு விழா

வேலை போன செய்தியோடு சித்தப்பா வீட்டுக்குப் போனால், வாசலில் பலூன் கட்டியிருந்தது. மாமி எடுத்த வீடியோ குடும்பக் குழுவில் சுற்றி, றிச்மண்ட் ஹில் வரை போயிருந்தது. நான் பந்தோடு புழுதியில் உருள்வதோடு அது முடியும். ஓட்டக்காரர் அதில் இல்லை. நசீர் நானா ஆட்டிறைச்சி கொண்டுவந்திருந்தார். சித்தி அதில் றோல்ஸ் செய்திருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. உண்மையை மறைத்துப் புகழ் உண்பது களவு என்று எண்ணுபவன் நான். எழுந்து நின்றேன்.

"சித்தப்பா, உந்தக் கட்ச்சாலதான் நாங்கள் தோத்தது. என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள்."

மாமி கைபேசியை அணைத்தார். சித்தப்பா அசரவில்லை. ஒரு றோல்ஸை எடுத்து என் கையில் வைத்தார்:

"விசர்க்கதை கதையாதை. கட்ச் பிடிச்சவனை வேலையால நிப்பாட்டுறதெண்டால், உது அவங்கட விளையாட்டில உள்ள பிழை. நீ சாப்பிடு."

தவறான பந்தைச் சரியாகப் பிடித்து வேலையை இழந்தவனுக்கு, தவறான காரணத்துக்காகச் சரியாகக் கைதட்டும் உறவினர் வாய்ப்பதே இத்தொழிலில் கிடைக்கக்கூடிய ஒரே ஓய்வூதியம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.