பூட்டக்கா படித்த ஒரு காகிதம்

காகிதத்தைக் கவிழ்த்து வைப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். குண்டூசி இருந்தால் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி கீறிவிடும். பிறகு மூடியை அழுத்திவிட்டு, வெளிச்சம் ஓடி முடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நகல்கள் ஓர் அட்டைப்பெட்டி மூடிக்கு அடியில் போய் விழும். விவாகரத்து மனு, ரத்தப் பரிசோதனை, வேலையை விட்டு நீக்கிய கடிதம் எல்லாம் இவர் வழியாகத்தான் போகின்றன. "கைக்குத் தெரியும்ங்க, கண்ணுக்குத் தெரியாது" என்பார். தெருவில் இவருக்குப் பெயர் பூட்டக்கா.

கடை என் கட்டிடத்தின் தரைத்தளத்தில் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒற்றைச் சட்டையோடு வந்து, மூட்டை தூக்கி, மூன்று மாடி எழுப்பியவன். ஆள் பார்த்துத்தான் கடை விடுவேன். என் கணிப்பு தப்பியதில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அவர் கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பேன். எதிர்க்கட்டிடத்துக்காரன் எதையோ நகல் எடுத்துப்போன அன்று, "என்னம்மா, விக்கப் போறானா?" என்று கேட்டுப்பார்த்தேன்.

"உங்க பத்திரத்தையும் நான்தான் எடுத்தேன், ஐயா. அவரும் இப்படித்தான் கேட்டாரு."

நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பூட்டக்காவுக்கு வயது ஐம்பது. கனத்த உடம்பு, முழங்கால் வலி. கெட்டுப்போன நகலைக் கிழித்தால் போதாது அவருக்கு. வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, உருண்டை பிடித்து வெயிலில் காயவைப்பார். "இனி இதைக் கரையான்தான் படிக்கணும்."

போன வருடம் ஒரு மதியம் அந்த உள்ளங்கை பாதியில் நின்றது. காகிதம் கொண்டுவந்தவர் என் மாப்பிள்ளை. கட்டிடப் பராமரிப்பு அவர் பொறுப்பு. அது எங்கள் லிஃப்ட்டின் பரிசோதனைச் சான்றிதழ், பழையது. தேதியின்மேல் புதுத் தேதி அச்சடித்த ஒரு துண்டை ஒட்டியிருந்தார். நகல் எடுத்துவிட்டால் ஒட்டு தெரியாது. அன்றைக்குப் பூட்டக்கா படித்தார்.

"தம்பி, இது என்னால ஆகாது."

"தேதி மட்டும்தாங்க்கா. அடுத்த மாசம் ஆள் வந்து பாத்துடுவான்."

"அதுவரைக்கும் அதுல ஏறுறவங்க? மாடியில பல் டாக்டரைப் பாக்கக் குழந்தைங்க வருதுங்க."

"வெளிய சொல்லாம இருக்கறதுதானே உங்க தொழில்?"

"அதனாலதான் முதல்ல உங்ககிட்டயே சொல்றேன். சாயந்திரத்துக்குள்ள நிறுத்திடுங்க. இல்லன்னா பெரியவர்கிட்ட போவேன்."

"போனா கடையைக் காலி பண்ண வேண்டியிருக்கும்."

"மெஷினுக்குச் சக்கரம் இருக்கு தம்பி. தள்ளிக்கிட்டே போயிடுவேன்."

மாப்பிள்ளை வேறு கடையில் நகல் எடுத்து லிஃப்ட்டுக்குள் மாட்டிவிட்டார். சாயங்காலம் பூட்டக்கா அந்த முழங்காலோடு மூன்று மாடிப் படியும் ஏறி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூச்சு திரும்பவே நேரமானது. "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், ஐயா. நிறுத்த முடிஞ்ச ஆள் நீங்கதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டுப் பிள்ளையைப் பற்றி என் வாசலிலேயே சொல்ல இவர் யார்? ஆனாலும் மூட்டை தூக்கியவனுக்குக் கயிற்றின் குணம் தெரியும். இறங்கிப்போய் லிஃப்ட்டை நானே நிறுத்தினேன். மறுநாள் வந்த மெக்கானிக், லிஃப்ட் தொங்கும் இரும்புக் கயிற்றில் அறுந்து நீட்டிக்கொண்டிருந்த இழைகளைக் காட்டினான். "நல்ல நேரத்துல நிறுத்தினீங்க சார்."

அந்தப் பாராட்டு என் தலைக்கு ஏறிவிட்டது. சொந்த மாப்பிள்ளை என்றுகூடப் பார்க்கவில்லை நான் என்று தெரு முழுக்கச் சொன்னேன். பூட்டக்காவைப் பற்றியும் பெருமையாகத்தான் சொன்னேன். கேட்டவர்கள் காதில் வேறு மாதிரி விழுந்தது. "பூட்டு தொறந்துக்கிச்சுப்பா" என்று சிரித்தார் வக்கீல் குமாஸ்தா. ஒரு மாதம் மனுக்களெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போயின. மெஷின் சும்மா கிடந்தது.

"என் வாயாலதாம்மா கெட்டுது" என்றேன்.

"நான் ஒருத்தர்கிட்ட சொன்னேன். நீங்க அதை ஊருக்கே வாடகை இல்லாம விட்டுட்டீங்க" என்று சிரித்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கூட்டம் மெல்லத் திரும்பியது. தொடங்கிவைத்தவர் யார் என்றால் நம்பமாட்டீர்கள்: என் மாப்பிள்ளை. ஒரு மாதமாக அந்தக் கடைப்பக்கம் திரும்பாதவர், ஒரு காலை பழுப்பு உறையோடு வந்து நின்றார். முகத்தில் இருந்தது வெட்கமா பயமா, சொல்லத் தெரியவில்லை. கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.

"ரெண்டு காப்பிக்கா. இதை வேற எங்கயும் குடுக்க மனசு வரல."

நான் பேப்பரைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டினேன். "என்ன மாப்ளே அது?"

பூட்டக்கா உறையைத் தொடாமல் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் உட்கார்ந்திருந்த சுழல்நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்து, என்னோடு சேர்த்து அதைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார்.