படுத்தபடி இறங்க ஒரு லிஃப்ட்

எனக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நகராண்மைக் கழகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, எங்களுக்குக் கட்டப்போகும் மலிவு விலை அடுக்குமாடியின் படத்தைத் திரையில் காட்டியதும், நாற்காலியில் ஏறி நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே! பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் நடுவே இருந்த எங்கள் எஸ்டேட்டை விற்றபோது, "தற்காலிகமா இங்க இருங்க" என்று சொல்லி எல்லாக் குடும்பங்களையும் பலகை வரிசை வீடுகளில் கொண்டுவந்து விட்டார்கள். அந்தத் தற்காலிகத்தில்தான் நான் மருமகளாக வந்து சேர்ந்தேன். அந்தத் தற்காலிகத்திலேயே என் மகள் பிறந்து, வளர்ந்து, யுனிவர்சிட்டிக்கும் போய்விட்டாள். பக்கத்து வீட்டு அண்ணன் தும்மினால் எங்கள் அடுப்படியிலிருந்து "நூறாயிசு" சொல்வோம். சுவர் என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது.

அதிகாரி என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கக்கூடிய ஒரு மலாய்ப் பெண். பன்னிரண்டு மாடி, வீட்டுக்கு மூன்று அறை, இரண்டு குளியலறை என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு குளியலறை! எங்கள் வீட்டில் இருந்த ஒன்றுக்கே காலையில் கதவைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிடும். நிலம் கழகத்துடையது, கட்டும் செலவில் பாதியைக் கழகம் தன் பட்ஜெட்டில் ஒதுக்கிவிட்டது, மீதியை மாநில அரசு தருகிறது என்றார். ஒரு நிபந்தனைதான். எல்லாக் குடும்பமும் சம்மதித்து இந்த ஆண்டுக்குள் வேலை தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பணம் வேறு இடத்துக்குப் போய்விடும்.

சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். நான் இரண்டையும் தூக்கினேன். மண்டபம் முழுக்கக் கைகள். ஒரே ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் என்று பார்த்தால், என் மாமனார்.

அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அவருடைய உயரம். எஸ்டேட்டுக்குப் பிறகு பொதுப்பணித் துறையில் ரோடு போட்டவர், எழுபது தாண்டியும் கூன் விழவில்லை. எங்கள் வீட்டு நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே வந்த நாள் குறைவு. கட்டிலில் படுத்தால் பாதம் இரண்டும் வெளியே நிற்கும். அந்த மனிதர் எழுந்து நின்று கேட்டார்.

"லிஃப்ட் எவ்ளோ நீளம்? நான் செத்தா என்னைப் படுக்க வச்சு இறக்க முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒன்பதாவது மாடியில் இருந்த அவருடைய கூட்டாளி ஒருவர் இறந்தபோது, சவப்பெட்டி லிஃப்டுக்குள் நீளவாக்கில் நுழையவில்லை, படிக்கட்டு வளைவிலும் திரும்பவில்லை. கடைசியில் பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தி லிஃப்டில் இறக்கினார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனவர்களில் இவரும் ஒருவர்.

"உள்ள அவன் சரிஞ்ச சத்தம் கேட்டுச்சு. டொம்முனு. வாழ்நாள் பூரா வெயில்ல நின்னவன். செத்த பிறகாச்சும் அவனைப் படுக்க விடக்கூடாதா?"

அதிகாரி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எட்டுப் பேர் நிற்கும் லிஃப்ட், அவ்வளவுதான். நீளமான லிஃப்ட் போட்டால் செலவு கூடும், ஒதுக்கிய பணத்தில் அதற்கு இடமில்லை என்றார். மாமனார், "அப்ப என் கை மேல போகாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவரிடம் பேசவில்லை. சட்டி பானையெல்லாம் பேசின. தேத்தண்ணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்த வேகத்தில் பாதி தரையில் கொட்டியது. இரண்டு நாள் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியாது.

"செத்தப்புறம் நின்னா என்ன, உக்காந்தா என்ன? உயிரோட இருக்கிறவங்க நிம்மதியா குளிக்க வேணாமா மாமா?"

"நீ சொல்றது சரிதான்ம்மா," என்றார். அடுத்த வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, "ஆனா முடியாது," என்றார்.

இப்படி ஒத்துக்கொண்டே மறுக்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? உண்மையில் எனக்குப் பயம். இந்தத் தடவை விட்டால் பலகைச் சுவருக்குள்ளேயே என் காலமும் போய்விடும் என்று பயம்.

அதிகாரி நல்ல பெண். இதே வரைபடத்தில், இதே லிஃப்டோடு பூச்சோங்கில் கட்டி முடித்த அடுக்குமாடி ஒன்று இருக்கிறது, நேரில் வந்து பாருங்கள் என்று சனிக்கிழமை கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் கிழவர் மனம் மாறுவார் என்று நான் நினைத்தேன். அவரோ, சும்மா பார்த்தால் என்ன தெரியும் என்று ஈமச்சடங்கு சேவை நடத்தும் ஒருவரிடம் போய் ஒரு பெட்டியை இரவல் கேட்டார். கடைக்காரர் சிரித்துச் சிரித்து இருமிவிட்டாராம்.

"அண்ணே, வாங்கிட்டுப் போய் திரும்பக் கொண்டாந்து குடுக்கப்போற முதல் கஸ்டமர் நீங்கதான். கீறல் மட்டும் விழாம பாத்துக்குங்க."

என் கணவர் கட்டில், மேசை விற்கும் தளவாடக் கடையின் லோரி ஓட்டுபவர். முதலாளியிடம் என்ன சொல்லி லோரியை வாங்கினாரோ தெரியாது, நானும் கேட்கவில்லை. முன்னால் அப்பாவும் மகனும். பின்னால் பெட்டியும், அதைப் பிடித்துக்கொண்டு நானும் எங்கள் குடியிருப்புச் செயற்குழுவிலிருந்த பெண்கள் இருவரும். சாலையில் எங்களுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. கார்கள் வழிவிட்டன. பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா கும்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்து, அழுகிறோம் என்று நினைத்திருப்பார். சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் பின்னால் வந்து நின்று, கைப்பேசியில் லோரி நம்பரைப் படம் எடுத்தார். நாலு நம்பர் லாட்டரி எடுக்கத்தான், வேறு எதற்கு!

"அண்ணே, அது காலிப் பெட்டி!" என்று கத்தினேன்.

"காலியா? அப்படின்னா இன்னும் நல்லது லா!" என்று சொல்லிவிட்டுப் பறந்தார்.

பூச்சோங்கில் அதிகாரி அளவுநாடாவோடு காத்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் கண் இரண்டும் விரிந்தன. நீளவாக்கில் வைத்தோம், கதவு மூடவில்லை. கோணலாக வைத்தோம், அப்படியும் மூடவில்லை. நிறுத்தி வைத்தபோது மட்டும் அழகாக உள்ளே போனது.

"நின்னா போகுதில்ல? அப்புறம் என்ன?" என்றேன் நான்.

"உள்ள ஆள் இருந்தாத்தான் தெரியும்," என்று மாமனார் செருப்பைக் கழற்றினார்.

"நீங்க விழுந்து எலும்பு முறிஞ்சா யாரு பாக்கிறது? தள்ளுங்க மாமா, நான் படுக்கிறேன்."

அவர்மேல் அக்கறை என்று எல்லாரும் நினைத்தார்கள். இல்லை. ஒன்றும் ஆகாது என்று காட்டி அவர் வாயை அடைக்க வேண்டும் எனக்கு. என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. அபசகுனம் அது இது என்று ஏதோ சொன்னார். நான் அதற்குள் படுத்துவிட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வசதியாகத்தான் இருந்தது. வழவழப்பான துணி, புது வார்னிஷ் வாசம், பக்கத்தில் காலைத் தூக்கிப் போட யாரும் இல்லை. மூடியை மூச்சு விடும் அளவு திறந்துவைத்துப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு நிமிர்த்தினார்கள்.

நிமிர்த்தியதும் என் முழு எடையும் காலுக்கு இறங்கியது. முட்டி மடங்கியது. மூக்கு போய் மூடியில் அப்பியது. இரண்டு கையையும் ஊன்றித்தான் நின்றேன். லிஃப்ட் ஆடியபோதெல்லாம் இன்னும் அழுத்தி ஊன்றினேன். எனக்குக் கை வேலை செய்தது, ஊன்றினேன். அவருடைய கூட்டாளிக்கு?

மேலே போய்த் திரும்பி இறங்கும்போது நாலாவது மாடியில் லிஃப்ட் நின்றது. சந்தைக்குத் தூக்கிப்போகும் பாசார் பையின் சரசரப்பு கேட்டது, பிறகு ஒரு ஆன்டியின் குரல்.

"ஐயோ, யாருப்பா இது?"

"என் பொண்டாட்டி ஆன்டி," என்றார் என் கணவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"அடப் பாவமே! நல்ல பிள்ளையாச்சே. எப்பவும் சிரிச்ச முகம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல."

என் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவளாம்! எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, பெட்டி குலுங்க ஆரம்பித்தது.

"ஆன்டி," என்றேன் உள்ளேயிருந்து, "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."

அந்த அலறலை அடுத்த தாமான் குடியிருப்பிலும் கேட்டிருப்பார்கள். வெங்காயம் நாலு பக்கமும் உருண்டது. கீழே கதவு திறந்தபோது மூடி இடுக்கு வழியே பார்த்தால், அதிகாரி லிஃப்ட் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆன்டியும் பெட்டிமேல் இரண்டு அடி அடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

பெட்டியைக் கிடத்தி மூடியை எடுத்தார்கள். மேலே மாமனாரின் நீள முகம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"வலிச்சுச்சாம்மா?" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்து அதிகாரியைப் பார்த்து மலாயில் சொன்னேன்: "எழுதிக்கொள்ளுங்கள். இந்த லிஃப்ட் என்றால் நானும் கை தூக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இரண்டு குளியலறையும் என் கண் முன்னாலேயே பறந்து போயின. என் கணவரோ என்னை லோரியில் ஏற்ற மறுத்துவிட்டார். சாவு வீட்டுக்குப் போனாலே குளிக்க வேண்டும், செத்தவளே நானென்றால் கேட்கவா வேண்டும்! கார் கழுவும் குழாயில் என்னைத் தலையோடு நனைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது.

அடுத்த வாரங்களில் அதிகாரிக்கும் எனக்கும் ஓயாமல் வாட்ஸ்அப். வரைபடத்தில் எதைக் குறைக்கலாம் என்று கேட்டார். நுழைவாயிலில் ஒரு நீரூற்று இருந்தது. குழாயிலேயே தண்ணீர் நூலாக வருகிற எங்களுக்கு நீரூற்று எதற்கு? அதை எடுத்தோம். அதற்குப் பிறகும் கழகத்தின் நிதிக்குழுவில் தகராறு வந்தது. செத்தவர்களுக்காகச் செலவு செய்ய அவர்களிடம் பட்ஜெட் தலைப்பு கிடையாதாம். நோயாளிகளுக்கு உண்டாம். அதிகாரி "பெட்டி" என்றிருந்த இடத்தில் எல்லாம் "ஸ்ட்ரெச்சர்" என்று மாற்றினார். பணத்துக்கு அனுமதி கிடைத்தது. அவர் போன் செய்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மீனோடு குதித்தேன்.

கடைசிக் கூட்டத்தில் மாமனார் கை மேலே போனது. அவ்வளவு உயரக் கையை எண்ணாமல் விடவே முடியாது.

கட்டி முடித்துச் சாவி கொடுத்த அன்று எல்லாரும் அவரவர் வீட்டைப் பார்க்க ஓடினார்கள். மாமனார் வீட்டைப் பார்க்க வரவில்லை. லிஃப்டுக்குள் போய், தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து, கதவுப் பக்கம் காலை நீட்டி மல்லாந்து படுத்தார். தலைக்கு மேல் ஒரு சாண் மிச்சம், பாதத்துக்குக் கீழே ஒரு சாண் மிச்சம்.

"அமுக்கும்மா," என்றார்.

அமுக்கினேன். வழியில் ஏறிய அக்கா ஒருவர் அவரைச் சுற்றிக் காலெடுத்து வைத்து, "எந்த மாடி அங்கிள்?" என்றார். "கடைசி மாடி," என்றார் மாமனார், கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மேலே போய், அக்காவை இறக்கிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் கீழே வந்தோம்.

கதவு திறந்தது. அவர் எழவில்லை. கண் மூடியிருந்தது, கை இரண்டும் நெஞ்சின்மேல் இருந்தன. என் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா?" என்றேன். குனிந்து தோளைத் தொட்டேன். "மாமா!"

ஒரு கண் மட்டும் திறந்தது.

"நல்லாருக்கும்மா," என்றார். "இன்னொரு ரவுண்டு."

அழுகையும் சிரிப்புமாக நான் பன்னிரண்டை அமுக்கினேன்.