மாப்பிள்ளை ஓகே அழுத்தினார்

அந்த மெமரி கார்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பா விழுப்புரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்லி வந்தவர். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. அவர் பேசிய பழைய வீடியோவைத் தினமும் போட்டுக் காட்டி, கூடவே சொல்ல வைக்கும்படி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் சொன்னார். கெடார் ஊர்த் திருவிழாவுக்கு அப்பா விளம்பரம் சொல்லும் வீடியோ ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதை எடுத்த போன் எப்போதோ செத்துவிட்டது.

டிவியோடு இணைக்கும் சின்னப் பெட்டியில் அதை நான்தான் ஏற்பாடு செய்தேன். பெட்டிக்குள் ஆண்ட்ராய்டு, மெமரி கார்டில் வேறொரு சிஸ்டமும் அந்த வீடியோவின் ஒரே பிரதியும். கார்டு இருந்தால் பெட்டி கார்டிலிருந்து கிளம்பும். நேராக அப்பா வந்து நிற்பார். அம்மா ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கார்டை எடுத்தால் ஆண்ட்ராய்டு வரும். நாளாக ஆக அப்பா உதட்டை அசைக்கத் தொடங்கினார். "வ" என்று காற்று மட்டும் வெளியே வந்தது. அதற்கே அம்மா அழுதாள்.

பொங்கலுக்குத் திண்டிவனத்திலிருந்து அக்காவும் மாமாவும் வந்துவிட்டுப் போன மறுநாள் வீடியோ வரவில்லை. கார்டைத் துடைத்தேன். அடாப்டரை மாற்றினேன். வேறொரு கார்டில் அதே சிஸ்டத்தை ஏற்றிச் செருகினேன், ஒழுங்காகக் கிளம்பியது. அப்படியானால் பெட்டியில் கோளாறு இல்லை. பழைய கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். காலி.

மாமாவைப் போனில் கேட்டேன். கூச்சமே இல்லாமல் சொன்னார். கிரிக்கெட் பார்ப்பதற்காகக் கார்டைப் பிடுங்கினாராம். ஆட்டம் முடிந்ததும் பெட்டி ஓடும்போதே திரும்பச் செருகினாராம். இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா என்று கேட்டதாம். ஓகே அழுத்தினாராம். அந்தக் கார்டின் அமைப்பு ஆண்ட்ராய்டுக்குப் புரியாது. தனக்குப் புரியாததை அது தன்னைவிடப் புரியாத மனிதரிடம் கேட்டிருக்கிறது.

அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்று விடாமல் ஓட்டினேன். பெயரில்லாத துண்டுகள் வந்தன. ஒன்றில் அப்பாவின் வாய் திறக்கிறது, சத்தம் இல்லை. அதை அவருக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா தனியாக வந்தார். வீட்டு மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதில் அம்மா எப்போதும் குறியாக இருப்பாள். அன்றும் என்னை அடுப்பங்கரைக்கு இழுத்து, தெரியாமல் செய்துவிட்டார், எதுவும் கேட்காதே என்றாள். நான் மாமா முகத்தைப் பார்க்காமலேயே காபியை அவர் பக்கத்தில் வைத்தேன். மாமா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஒரு வீடியோதானே போச்சு? அதுக்கா இப்டி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கே? அவரு எப்டியும் பேசப் போறதில்ல."

கட்டிலில் இருந்த அப்பா அவரைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"போடா நாயே," என்றார்.

தெளிவாக, ஓர் எழுத்து குறையாமல். மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை. அம்மா வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அப்பாவின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தபா சொல்லுங்க," என்றாள். "எங்க, மாப்பிள்ளைய இன்னொரு தபா திட்டுங்க."