வாப்பா அழிக்கச் சொன்ன பட்டியல்

கோணல் ஆணியைக்கூட வீச மனம் வராதவர் எங்கள் வாப்பா. கிண்ணியாவில், வீட்டு முன்னறையிலேயே இருந்த ஹார்ட்வெயார் கடையில், அதைத் தட்டி நிமிர்த்தி டின்னில் போட்டு வைப்பார். அங்கிருந்த கம்ப்யூட்டரை அவரைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை. பதினொரு வயதில் நான் தொட்டேன்.

அன்று காலை குறிஞ்சாக்கேணியிலிருந்து எனக்கு மூத்தவளான ராத்தாவின் கூட்டாளி போனில் கோல் எடுத்து, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டதாகக் கத்தினாள். ராத்தாவும் கடைக்கு ஓடிவந்து, வாப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். எங்கள் திரையில் மட்டும் ‘இன்னும் வெளியாகவில்லை’ என்றே இருந்தது. முதல்நாள் பார்த்த அதே பக்கம். கூட்டாளியிடம் பரீட்சைச் சுட்டெண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்தான். ராத்தா செத்தாலும் கொடுக்கமாட்டாள்.

அவளுக்கு மிருக வைத்தியம் படிக்க ஆசை. அதற்குக் கண்டிப் பக்கம் போகவேண்டும். “பொம்புளப் புள்ளய அவ்வளவு தூரம் அனுப்ப ஏலா. அந்தக் கதைய விடுங்க,” என்று வாப்பா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று என்னவோ அவர்தான் பிளக்கைக் கழற்றினார், மாட்டினார், திரையைச் சாரன் நுனியால் துடைத்தார். பக்கம் அசையவில்லை. ராத்தாவின் உதடு துடித்தது.

“அது நேத்தையப் பக்கத்த வச்சிக்கிட்டுக் காட்டுது வாப்பா! பழசெல்லாம் அழிக்கணும். டீச்சர் காட்டித் தந்தவ!” என்று நான் குதித்தேன். அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விசயம்! வாப்பாவின் கையிலிருந்து மௌஸை வாங்கினேன்.

“என்ன இரிக்கிண்டு பார்க்காம ஒண்டையும் வீச ஏலா. வாசி மகள்.”

பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்து, மேடையில் பேசும் குரலில் வாசித்தேன். “பெயின்ட் நிறங்கள். தண்ணி மோட்டர். கிண்ணியாவிலிருந்து கண்டிக்கு பஸ் நேரம். கண்டியில் பெண்பிள்ளைகள் விடுதி. கண்டியில் குளிர் எப்படி. மிருக வைத்தியம் படித்தால் என்ன வேலை...”

குசினியில் உம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றது. ராத்தா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“காணும், காணும்! எல்லாத்தையும் அழி!” என்று வாப்பா இடைமறித்தார்.

திரையில் இருந்த பெட்டிகளிலெல்லாம் சரி போட்டு அழுத்தினேன். புதுப்பக்கம் திறந்தது. ராத்தா சுட்டெண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினாள். மிருக வைத்தியமே கிடைத்திருந்தது! உம்மா தேங்காய்க் கையோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். நான் வாப்பா உட்காரும் கதிரையில் ஏறி ஆடினேன். ராத்தா நேரே போய் வாப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். திருத்தியது நான், நன்றி அவருக்கா என்று எனக்குக் கோபம் வந்தது.

“எல்லாம் அழிஞ்சிட்டா?” என்று வாப்பா இரண்டு தடவை கேட்டார். “ஓம், ஒண்டும் மிச்சமில்ல,” என்றேன் பெருமையாக.

ஆணியை வீசாத மனிதருக்கு அந்தப் பட்டியலை வீச ஏன் அவ்வளவு அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை. ராத்தா பெட்டி கட்டிய அன்று, கண்டி பஸ் எத்தனை மணிக்கு என்று உம்மா கேட்க, யாரையும் விசாரிக்காமல் வாப்பா பட்டென்று சொன்னபோதும் விளங்கவில்லை.