திரும்பி வருவதாகச் சொன்ன யோகமலர்

யோகமலர் அக்கா யாரிடமும் 'போறன்' என்று சொன்னதில்லை. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்குக்கூட 'போட்டு வாறன்' சொல்லுவார். நான் கேலி செய்தால், "அபசகுனமாய்க் கதையாதையும்" என்று எரிந்து விழுவார்.

தொண்ணூற்று நாலில் அவர் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். அங்கே வேரோனிக்கா என்றொரு நோயாளி. வடக்கே ஜேம்ஸ் குடாக் கரையிலிருந்து விமானத்தில் கொண்டுவந்திருந்தார்கள். கிரீ என்ற பூர்வகுடி இனத்தவர், அக்காவின் வயதுதான். சர்க்கரை வியாதியில் கால் பழுதாகியிருந்தது. இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனாலேயே ஒட்டிக்கொண்டார்கள். தண்ணீர் 'நிப்பி', பனி 'கோனா', நன்றி 'மீக்வெச்' என்று அக்கா நிலத்தைத் துடைத்தபடியே சொல்லிப் பழகினார். 'வாச்சியே' என்ற வணக்கம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. வந்தாலும் அதுதான், வெளிக்கிட்டாலும் அதுதானாம். திரும்பி வருவதாகச் சொல்லாமல் விடைபெற அவருக்கு மனம் வராது. 'திரும்பவும் வருவேன்' என்பதற்கான கிரீ வாக்கியத்தை வேரோனிக்காவிடமே கேட்டுப் பாடமாக்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளிக்கிடும்போது அதைச் சொன்னார். மறுநாள் விடிய வேரோனிக்காவின் பழுதான காலை வெட்டி எடுக்க இருந்தார்கள். அக்காவுக்கோ மறுநாள் லீவு. ஒஷாவாவில் மகள் நிரூபாவின் முதல் குழந்தைக்கு முப்பத்தொன்று, பிறந்த துடக்குக் கழிக்கிற நாள்.

சனி காலை நாங்கள் ஒஷாவாவில் நிற்கும்போது ஃபோன் வந்தது. வார்டு நர்ஸ்தான், எப்படியோ நம்பரைத் தேடிப்பிடித்திருந்தார். வேரோனிக்கா ஸ்ட்ரெச்சரில் ஏற மறுக்கிறாராம். யோகா வருவதாகச் சொன்னார், வரட்டும் என்று ஒரே பிடியாம். காய்ச்சல் ஏறுகிறது, இன்னும் தாமதித்தால் உயிர் தப்புவது கஷ்டம் என்கிறார் டாக்டர்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் எங்கடை வழக்கத்துக்கெல்லே சொன்னனான். அவ நம்பிக்கொண்டு இருக்கிறா."

"ஆரம்மா உவ?" நிரூபாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஐயர் இப்ப வந்திடுவார். பேரனை விட ஆரோ பெரிசோ?"

"இவனுக்கு நீங்கள் எல்லாரும் இருக்கிறியள். அவவுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?"

நான்தான் காரை எடுத்தேன். ரூஜ் ஆற்றுப் பக்கம் வந்தபோது நெடுஞ்சாலை அப்படியே நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ விபத்து. பனி கொட்டிக்கொண்டிருந்தது. "உந்தக் கோனா" என்று அக்கா வாய்க்குள் திட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனுசி செத்துப்போனால் அக்கா இந்தப் பழியைச் சாகும்வரை சுமப்பார் என்று பயந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது வேரோனிக்கா நடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். அக்காவைக் கண்டதும் பிடியை விட்டார். ஏன் பிந்தினாய் என்று ஒரு பார்வைகூட இல்லை. அக்கா வழக்கத்துக்குத்தான் சொன்னார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. உடனே உள்ளே கொண்டு போனார்கள்.

"இப்ப வெளிக்கிட்டால் சாப்பாட்டுக்காவது நிக்கலாம் அக்கா," என்றேன்.

"நான் வரேல்லை. அவ கண் முழிக்கேக்கை நான் நிக்கோணும்."

நிரூபாவுக்கு ஃபோன் போட்டார். அவள் எடுக்கவில்லை. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பின்னேரம் டாக்டர் வந்து, முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டி வந்தது, ஆள் தப்பிவிட்டார் என்றார். வேரோனிக்கா கண் விழித்தார். போர்வைக்குக் கீழே பார்க்கவில்லை. அக்காவைத் தேடி, "ஆஸ்தம்," என்றார். கிட்ட வா என்று அர்த்தம்.

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.