செவுளைத் தூக்கிப் பார்த்த மதியம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஒரு மணி நேரமாகக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். தாம்பரத்தைத் தாண்டி நாங்கள் குடியிருக்கும் இந்தப் புறநகரில், அவள் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் உசத்தியான ரெஸ்டாரண்ட் ஒன்று வேண்டுமாம். "இதுக்கு நாலரை ஸ்டார் இருக்கும்மா. ஆனா லைட்டிங் சரியில்லன்னு யாரோ எழுதியிருக்காங்க" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றைப் பிடித்தாள். போனோம், சாப்பிட்டோம், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முடித்ததும் வெந்நீர்க் கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள் பாருங்கள், நான் கையை மடியில் ஒளித்துக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். எலுமிச்சை வாசனைக்குப் பயப்படுகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காரைக்காலில் முதன்முதலாக வேலைக்குப் போன நாட்களில், தினமும் காலையில் அரை எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையிலும் நக இடுக்கிலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். அம்மா மீன் விற்பவள். விடியுமுன்னே கரையில் ஏலம் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் கொட்டுவாள். பெரிசு சிறிசு பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் ஆபீசுக்குக் கிளம்புவேன். எவ்வளவு கழுவினாலும் மனசு ஆறாது. ஆபீஸ் வேனில் ஏறியதும் யாருக்கும் தெரியாமல் விரலை மோந்து பார்ப்பேன். பக்கத்தில் இருக்கிற பெண் சும்மா மூக்கைச் சொறிந்தால்கூட எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஆபீஸ் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சரக்கு ஏஜென்சி. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசி. வெள்ளைச் சுடிதார் மதியத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அத்தனை கரித்தூசியில் யார் மூக்குக்கு மீன் வாசனை எட்டப்போகிறது? ஆனால் பயத்துக்கு அறிவு ஏது, சொல்லுங்கள்.

அந்தப் பயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்டர்வியூவுக்குப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே மேனேஜர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "கரைப் பக்கத்துப் பொண்ணுங்கள எடுத்தா ஆபீஸு ஆபீஸா இருக்காதுய்யா." அடுத்து என்னைத்தான் கூப்பிட்டார்கள். "எந்த ஊரும்மா?" என்றார். "தருமபுரம் சார்" என்றேன். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்ப் பெயர் வாயில் அப்படியே வந்துவிட்டது. அப்புறம் என்ன, தினமும் சாயங்காலம் தருமபுரத்தில் வேனை விட்டு இறங்கி, வேன் திரும்பி மறைகிற வரைக்கும் ஏதோ ஒரு வீட்டு கேட்டில் கை வைத்துக்கொண்டு நிற்பேன். அந்த வீட்டு நாய்க்கு என்னை நன்றாகத் தெரியும். வேன் மறைந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்கு ஓடுவேன்.

அப்பாவுக்கு இடுப்பு போய், கடலுக்குப் போவது நின்றிருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மாவின் கூடையால்தான். என் வேலை நிரந்தரமாகிவிட்டால் அந்தக் கூடையை அவள் தலையிலிருந்து இறக்கிவிடலாம். ஆறு மாதத் தற்காலிகம் முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அப்போதுதான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இந்தாம்மா, வியாழக்கெழம சென்னையிலேருந்து பெரிய சார் வர்றாரு, சம்சாரத்தோட. மதியச் சாப்பாட்டுக்கு நல்ல உசத்தியான எடமாப் பாரு. பார் கீர் இருக்கக் கூடாது. இதச் சரியாப் பண்ணிட்டீன்னா ஒன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடுறேன்."

காரைக்காலில் பார் இல்லாத உசத்தியான இடம்! பக்கத்து மாவட்டமே தாகத்துக்கு எங்கள் ஊருக்குத்தான் வரும். அப்போது ஸ்டாரும் கிடையாது, எழுதி வைக்கிற ஆளும் கிடையாது. ஆபீஸ் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ரெண்டு நாள் சுற்றினேன். ஓர் இடத்தில் ஏசி இருந்தது, பெண்களுக்குக் கழிவறை இல்லை. இன்னொன்றில் 'குடும்ப அறை' என்று போட்டிருந்தது. எட்டிப் பார்த்தால் ஓர் ஆள் பெஞ்சில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குடும்பம் இருந்ததா தெரியவில்லை.

கடைசியில் நெரவியைத் தாண்டி, வயலுக்கு நடுவே புதிதாக ஒன்று அகப்பட்டது. கண்ணாடிக் கதவு, மேசைக்கு வெள்ளைத் துணி, கழுத்தில் பட்டாம்பூச்சி முடிச்சுப் போட்ட சர்வர். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். 'நீ எங்க இங்க?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். யாரும் கேட்கவில்லை. "வாங்க மேடம்" என்றார்கள். மேடமாம்! ஆறு பேருக்கு மேசை சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கப் பின்பக்கம் போனேன். சமையற்கட்டு வாசலில் ஒரு அலுமினியக் கூடை. அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சமையல்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள் எங்கள் அம்மா.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே ரோடு வரைக்கும் ஓடினேன், ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் கேட்குமே என்று.

வீட்டுக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "அம்மா, வியாழக்கெழம நெரவி ஓட்டலுக்கு நீ போவாத."

"ஏண்டி? வாடிக்கையாச்சே."

"ஆபீஸ்லேருந்து வர்றாங்கம்மா."

அம்மா மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டாள். "செரி. ஒரு நாளுதானே" என்றாள்.

வியாழக்கிழமை வந்தது. பெரிய சார் சாதுவான மனுஷர். அவர் மனைவி இரண்டு கையிலும் வளையல் குலுங்க, எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றார். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது சர்வர், ஐஸ் பரப்பிய தட்டில் முழுசாக ஒரு கொடுவாய் மீனை ஏந்திக்கொண்டு வந்தார். அந்த மாதிரி இடங்களில் அப்படித்தானாம், மீனைக் காட்டி, நாம் சரி என்றால்தான் சமைப்பார்களாம். தட்டை முதலில் என் பக்கம் நீட்டினார். மேசை சொன்னது நான் இல்லையா.

என் கை போய்விட்டது. சத்தியமாக நான் அனுப்பவில்லை. கட்டைவிரலால் செவுள் மூடியைத் தூக்கி, உள்ளே விரலை விட்டு, எடுத்து மோந்தும் பார்த்துவிட்டேன். நடந்துபோனது அப்புறம்தான் தெரிந்தது. மேசையில் ஐந்து பேரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்றே?" என்றார் மேனேஜர். குரல் மெதுவாகத்தான் வந்தது.

செவுள் பழுத்துப் பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் பெரிய சாரின் மனைவி சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டால்? "இது வேணாம் சார்" என்றேன். "ஐஸ்ல கெடந்த மீனு. மூணு நாளாவது ஆயிருக்கும். கோழி சொல்லிக்கலாம் சார்."

பெரிய சாரின் மனைவி கண்ணை விரித்தார். "அடேயப்பா! இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குப் பெஞ்சில் கேட்டதும், அவர் போடவேண்டிய கையெழுத்தும் சேர்ந்து ஞாபகம் வந்தன. "எங்க பக்கத்து வீட்டுல ஒரு அம்மா மீன் விக்கிறாங்க மேடம். அவங்க பாக்குறதப் பாத்துருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய சார், "கெட்டிக்காரப் பொண்ணு, விட்டுடாதீங்க" என்றார். சர்வர் முகம் செத்துப்போய்த் தட்டைத் திருப்பி எடுத்துப் போனார். சாப்பிட்டு முடித்ததும் வெந்நீரும் எலுமிச்சையுமாகக் கிண்ணம் வந்தது. நான் மட்டும் ரொம்ப நேரம் கழுவினேன். திங்கட்கிழமை ஆர்டரைக் கொடுத்துவிடுவதாக வேனில் ஏறும்போதே மேனேஜர் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். "யாரு?" என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரிதான் வந்துருக்கேன். தொற."

திறந்தால், அம்மா கூடையோடு நிற்கிறாள், வாய் நிறைய வெற்றிலை. ஓட்டலில் சர்வர் அவளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். "யாரோ ஆபீஸுப் பொண்ணுக்கா, டக்குனு செவுளத் தூக்கிப் பாத்து மானத்த வாங்கிருச்சு. பக்கத்து வீட்டுல யாரோ மீன் விக்கிறாங்களாம். நீ வராததால பழைய ஐஸ் மீன வச்சோம், இனிமே நீ ஒரு நாளு மட்டம் போடாத" என்று.

"நீ என்னம்மா சொன்ன?" என்றேன்.

"நான் என்னத்தச் சொல்றது? எந்த ஆபீஸோ, எந்தூருப் பொண்ணோன்னு சொல்லிட்டு வந்தேன்."

நான் அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். "சீ, இதுக்குப் போயி. வேலையப் போட்டுட்டாங்களா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல" என்றாள்.

வேலை நிரந்தரமாயிற்று. கூடையைத்தான் அவள் இறக்கவில்லை, இன்னும் எட்டு வருஷம் சுமந்தாள். கல்யாணமாகி நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அந்த ஓட்டல் இப்போது டைல்ஸ் குடோன். சுற்றி இருந்த வயலில் பாதி மனைக்கட்டு. வாசலில் மீன் பிரித்த அந்த வீடே இப்போது எங்களுடையது இல்லை.

அம்மா என்னோடு வந்து தங்கிய நாட்களில் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டிருக்கிறேன். "வாம்மா, நல்ல ஓட்டலாப் போயி ஒக்காந்து சாப்புடலாம்." ஒரு தடவைகூட வரவில்லை. புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். விளையாட்டா நிஜமா என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது. அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது.