காயக்கூடாத மண்

என் மகள் ஒரு கோடை முழுவதும் இந்த நாட்டின் மேற்குக் கோடி மலைகளில் தோண்டி எடுத்து வந்த மண்ணை, லாசால் புறநகரில் எங்கள் வீட்டின் நிலத்தடி பேஸ்மென்டில் இரண்டே நாளில் நான் காய வைத்துக் கெடுத்தேன். ஈரம் போகக்கூடாது என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. அவள் சொல்லவே இல்லை என்று பிறகு சொன்னேன். ஒரு வருடமாகிறது. இன்னும் இதை நிதானமாகச் சொல்லி முடிக்க என்னால் முடிவதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அவள் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி முதுகலை படிக்கிறாள். எங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது யாராவது பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டால், நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, மண்ணோ, என்று இன்னொரு தடவை கேட்பார்கள். என் கணவருக்கு அதில் ஒரு பகிடி இருந்தது. உடுப்பில் மண் படாமல் வளர்த்த பிள்ளை இப்போது மண்ணிலேயே போய்ப் படுக்கிறாள் என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஊரில் கலியாணத்துக்கு முன் ஒரு மண் பரிசோதனைக்கூடத்தில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கம்பனி ஒன்றில் பெட்டிகளில் குப்பி அடுக்குகிறேன். என் மகள் மண்ணைத் தேர்ந்தெடுத்தபோது, என்னில் யாருக்கும் தேவைப்படாமல் கிடந்த ஒன்றை அவள் எடுத்துக்கொண்டதாக நினைத்தேன். அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

அந்த வருடம் ஜூலையில் முதல் பயணம் போய் வந்தபோது ஜாம் போத்தல் ஒன்றில் ஒரு பிடி மண் கொண்டுவந்தாள். செம்மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். குசினி மேசையில் வைத்து ஒரு நெல்லிக்காயளவு கிள்ளி என் விரல்களுக்கிடையில் தந்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. அழுத்தச் சொன்னாள். அழுத்தியதும் அது சட்டென்று உடைந்து வழுவழுவென்று நீராகிவிட்டது. விரலை எடுத்ததும் மறுபடி இறுகியது. நான் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன்.

பல ஆயிரம் வருடங்களுக்கு முன் தெற்கே ஒரு எரிமலை வெடித்துப் பறந்த சாம்பல் அந்த மலைகளின் மேல் விழுந்ததாம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மரங்கள் நின்றுவிடும் இடத்தில், புல்வெளிகள். சாம்பலுக்கு அடியில் பழைய பனிப்பாறைகள் அழுத்திவிட்டுப் போன கல் போன்ற தளம். உருகும் பனி கீழே இறங்க வழியில்லாமல் சாம்பலிலேயே தங்கிவிடும். குளிரில் புல்லும் உக்காமல் மேலே கறுப்பாகப் படியும். அந்த மண் எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, கோடையில் எவ்வளவை ஆற்றுக்கு விடுகிறது என்பதுதான் அவள் தேடுவது. நான் ஊர்ப் பரிசோதனைக்கூடத்தில் செய்ததைச் சொல்லத் தொடங்கினேன். அரிதட்டு, மரச் சுத்தியல், தட்டுகள். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "உங்கட மண் வேற அம்மா," என்றாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

அதே மேசையில்தான், புல்வெளியில் தொடைவரை புதைந்து ஒரு கால் சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்த கதையையும் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். மேலே பச்சையாக, நடக்கலாம் போலத் தெரியுமாம். நான் அன்றிலிருந்து அந்தப் புல்வெளியை வேலைத்தளத்தில் குப்பி அடுக்கும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் முழுவதும் இரண்டாம் பயணம். செப்டம்பரில் திங்களும் விடுமுறையான நீண்ட வார இறுதி தொடங்கும் வெள்ளிக்கிழமை பின்னேரம் விமான நிலையத்தில் இறங்கினாள். முகம் சிவந்து, கண் செருகி, நெருப்பாய்க் காய்ந்தது. இரண்டு குளிர்பெட்டிகள். அவற்றுள் முப்பத்தாறு பை மண். பல்கலைக்கழக லாபுக்குப் போய் வைத்துவிட்டு வருவோம் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். நான்தான் இந்தக் காய்ச்சலோடு வேண்டாம் என்று, காரோட்டிய கணவரிடம் நேரே வீட்டுக்கு விடச் சொன்னேன். காரில் பின்சீற்றில் சாய்ந்தபடி அவள் சொன்னாள்:

"கீழ் பிரிட்ஜில வையுங்கோ அம்மா. திறக்க வேண்டாம். ஈரம் போகக்கூடாது."

"ஓம் பிள்ளை, நீ படு," என்றேன்.

பேஸ்மென்டில் இருக்கும் அந்தக் கீழ் பிரிட்ஜில் கோயில் பெருநாளுக்காக நான் பொரிக்கச் செய்து அடுக்கிய ரோல்ஸ் பலகாரம் இருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டிகளை பேஸ்மென்ட் சீமெந்துத் தரையில் வைத்தேன். நாளைக்கு ஒரு வழி செய்யலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை அவள் எழும்பவே இல்லை. கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றிக்குத் துணி போட்டு, இடையில் கீழே போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஐஸ் உருகியிருந்தது. பைகளின் உட்புறம் வியர்த்து, ஒன்றிரண்டில் அழுகல் மணம். பூஞ்சணம் பிடித்துவிடும் என்று பயந்தேன். எங்கள் கூடத்தில் ஈர மண்ணைப் பையோடு விட்டுவைத்தால் பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் ஏசுவார். மண் வந்தால் முதல் வேலை அதை நிழலில் பரப்பிக் காய வைப்பது. எனக்கு இந்த உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த சில விடயங்களில் அது ஒன்று.

அவள் சொன்னது நினைவில் இருந்தது. காய்ச்சலில் சொல்கிறாள் என்று எனக்கு நானே சொன்னேன். அதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு இருந்தது. இது எனக்குத் தெரிந்த வேலை, அவள் எழும்பி வந்து பார்த்தால் ஆச்சரியப்படுவாள்.

சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களைப் பழைய சாப்பாட்டு மேசையிலும் தரையிலும் விரித்தேன். ஒவ்வொரு பையையும் தனித்தனியாகக் கொட்டி, கட்டிகளை விரலால் உதிர்த்து, பக்கத்திலேயே அதன் அடையாளச் சீட்டை வைத்தேன். ஒன்றுகூட மாறவில்லை. மின்விசிறியைப் போட்டேன். கோடையில் பேஸ்மென்ட் ஈரத்தை இழுத்து வாளியில் சேர்க்கும் டிஹியூமிடிஃபயரை முழு வேகத்தில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதற்கு முன் ஒரு வாளி நிறைந்திருந்தது. வந்து பார்த்தபோது இன்னொன்று. இரண்டையும் சலவைத்தொட்டியில் ஊற்றினேன்.

திங்கட்கிழமை காலை அவளுக்குக் காய்ச்சல் விட்டது. தேநீர்க் கோப்பையோடு கீழே இறங்கி வந்தாள். நான் பின்னாலேயே வந்தேன், அவள் முகத்தைப் பார்க்க. கடைசிப் படியில் நின்றுவிட்டாள். பிறகு மேசையருகே போய், ஒரு குவியலைக் கையில் அள்ளினாள். அது எடையே இல்லாத சிறு மணிகளாக, மரத்தூள் போல உதிர்ந்தது. தேநீரைச் சலவைத்தொட்டியில் ஊற்றிவிட்டு, அதே கோப்பையில் தண்ணீர் பிடித்து வந்து அதன் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. முத்து முத்தாக மேலே நின்றது. விரலால் அழுத்திப் பார்த்தாள். நற நற என்றது.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊற வைத்தால் சரிவராதா என்று கேட்டேன்.

"இது திரும்பாது அம்மா," என்றாள். "ஒருக்கா காய்ஞ்சால் பிறகு இது வேற மண்."

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. குவியல் குவியலாக நடந்து பார்த்துவிட்டு, சீட்டெல்லாம் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்றாள். பிறகு, ஈரம் போகக்கூடாது என்று தான் சொல்லவில்லையா என்று கேட்டாள். குற்றம் சாட்டுவது போலக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு நினைவில்லை.

"நீ ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை," என்றேன்.

அவள் தலையாட்டினாள். காய்ச்சலில் சொல்ல மறந்திருக்கிறேன் போல என்றாள். என் கையைப் பிடித்து, நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தீர்கள் என்று என்னையே தேற்றினாள். நான் பிடிக்க விட்டுக்கொண்டு நின்றேன்.

அவளுடைய பேராசிரியர் கோபப்படவில்லை என்று சொன்னாள். ஆனால் ஈர மண் இல்லாமல் ஆய்வு இல்லை. அடுத்த கோடைவரை காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும். மலைப்பாதையைப் பனி மூட இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். ஆகவே செப்டம்பர் கடைசியில், கூடப் படிக்கும் ஒரு பெண்ணோடு, மறுபடி போனாள். போகாதே என்று சொல்ல என் வாய் திறந்தது. எந்த முகத்தோடு சொல்வது? தடித்த காலுறை நான்கு சோடி வாங்கிக் கொடுத்தேன்.

அங்கே கைத்தொலைபேசி வேலை செய்யாது. உள்ளங்கையளவு கருவி ஒன்று வானத்துச் செய்மதி வழியாக ஒரு வரி அனுப்பும். அங்கே காலை ஏழு மணிக்கு அவள் அதை அழுத்தினால், எனக்கு இங்கே பத்து மணி இடைவேளையில் 'நலம்' என்று வரும். மூன்று நாள் வந்தது. நான்காம் நாள் வரவில்லை. இடைவேளை முடிந்தும் நான் எழும்பாததைப் பார்த்து, பக்கத்து வரிசையில் வேலை செய்யும் ஹைட்டிப் பெண் என்ன என்று கேட்டாள். இங்கே எல்லோரும் பேசும் பிரெஞ்சில் எனக்குச் சொல் வராமல், கைத்தொலைபேசியின் வெறும் திரையை அவளிடம் காட்டினேன்.

ஐந்தாம் நாளும் வரவில்லை. பேராசிரியரை என் கணவர் அழைத்தார். மேலே பனி கொட்டியிருக்கிறது, அவர்கள் கூடாரத்தில் ஒதுங்கியிருப்பார்கள், மறுநாள் காலைவரை பார்த்துவிட்டு மீட்புப் பணியாளர்களுக்கு அறிவிப்பேன் என்றாராம். பின்னேரம் என்னை ஏற்ற வந்தவர், வேலைத்தளத்து வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். அவள் கவனமான பிள்ளை, ஒன்றும் நடவாது என்றார். அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அன்று காரில் அவள் சொன்னது எனக்குக் கேட்டது என்று. நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, உங்களுக்குக் கேட்டிராது, எனக்குக் கேட்டது என்று.

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்த ஆட்கள் பஸ் தரிப்பிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்ப தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டுதான் அவள் திரும்பிப் போனவள்?"

"ஓம்."

அவர் காரை எடுத்து வீடுவரை ஓட்டினார். இருபத்தைந்து வருடத்தில் பகிடி விடாமல் அவர் ஓட்டிய ஒரே தூரம் அதுவாக இருக்கும்.

மறுநாள் காலை, பேராசிரியர் யாருக்கும் அறிவிப்பதற்கு முன்பே, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மலையடிவாரத்துப் பெற்றோல் நிலையம் ஒன்றிலிருந்து பேசினாள். கருவி புல்வெளித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டதாம். பனிக்குள் ஒரு நாள் முழுக்க நடந்து இறங்கியிருக்கிறார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் போய், இடது காலில் இரண்டு விரல் விறைத்து நிறம் மாறிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், பயப்படாதீர்கள் என்றாள். பிறகு குரல் தணிந்து, பதினான்கு பைதான் எடுக்க முடிந்தது அம்மா என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல.

விரல்களை வெட்ட வேண்டி வரவில்லை. சின்ன விரலில் உணர்வு திரும்புமா என்று இன்னும் தெரியாது என்றார்கள்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம் மடிக்கணினியோடு குசினி மேசைக்கு வந்தாள். காய்ந்த முப்பத்தாறையும் எறிய வேண்டாம், ஈரமான பதினான்கோடு ஒப்பிட்டு எழுதலாம் என்று பேராசிரியர் யோசனை சொல்லியிருந்தார். என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டு, பாரும், எல்லாம் ஒரு நன்மைக்குத்தான் என்று நாலு நாளாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒப்பிடுவதற்கு அவளுக்கு விபரங்கள் வேண்டியிருந்தன. எத்தனை மணிக்குப் பரப்பினீர்கள், எவ்வளவு தடிப்பில், விசிறி எவ்வளவு நேரம் ஓடியது, வாளி எத்தனை தரம் நிறைந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். ஒரு காலைக் கதிரையில் நீட்டி வைத்திருந்தாள். கேள்விகள் முடிந்து கணினியை மூடப் போனாள்.

"ஈரம் போகக்கூடாது எண்டு நீ சொன்னனீ," என்றேன். "எனக்குக் கேட்டது. பொய் சொல்லிப்போட்டன்."

அவள் கை மூடியின் மேல் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அதற்கு வைத்திருந்த பதில்கள் எதுவும் நல்லவையாக இல்லை.

"நான் சொல்ல மறந்திட்டன் எண்டு பேராசிரியருக்கு எழுதிக் குடுத்திட்டன்," என்றாள் கடைசியில். "அறிக்கையில கிடக்குது."

நான் அவருக்கு எழுதவா என்று கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"எழுதுங்கோ."

ஆங்கிலத்தில் ஐந்து வரி. என் மகள் என்னிடம் தெளிவாகச் சொன்னாள், எனக்குக் கேட்டது, நான் செய்யவில்லை. இவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் எடுத்தது. அவள் எழும்பிப் போகவில்லை, உதவவும் இல்லை. முடிந்ததும் வாசித்தாள். ஒரு எழுத்துப் பிழை இருந்தது, எனக்கே தெரிந்தது. அதைத் திருத்தாமல் அப்படியே அனுப்பினாள்.

பிறகு குனிந்து இடது காலுறையைக் கழற்றி, அந்த விரலை மெதுவாகத் தேய்த்தாள். நான் பார்க்கவா என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம். பேந்து," என்றாள்.